தலை வாரிய கைகள் வாரிக் கொடுத்த கதை

1927 செப்டம்பர் 29, பிற்பகல். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒரு சூறாவளி சில நிமிடங்களில் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான கட்டடங்கள் சேதமடைந்தன. வீடிழந்தவர்களுக்கு உணவும் உடையும் படுக்க இடமும் கொடுக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பெரிய கட்டடங்கள் உடனே தேவைப்பட்டன. கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த 'தி வில்' பகுதியில் அப்படி ஒன்று இருந்தது. உணவுக்கூடம், மாணவியர் விடுதி, கலையரங்கம், மொட்டைமாடித் தோட்டம் எல்லாம் ஒரே வளாகத்தில். நிவாரணப் பணியின் முக்கிய மையங்களில் ஒன்றாக அது மாறியது.

அந்தக் கட்டடம் ஓர் அழகுக்கலைக் கல்லூரி. போரோ கல்லூரி என்று பெயர். தலைக்குக் குளிப்பாட்டுவது, பொடுகு நீக்குவது, முடி கொட்டாமல் காப்பது, வாரி அலங்கரிப்பது என்று பெண்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த இடம். 1918-ல் இதைக் கட்டி எழுப்பியவர் ஆனி டர்ன்போ மலோன் என்ற கறுப்பினப் பெண்மணி. சூறாவளி நாளில் மட்டும் அவர் கதவைத் திறந்துவிடவில்லை. அந்தக் கல்லூரி கட்டப்பட்டதே ஊர் மக்களுக்குத் திறந்து வைப்பதற்காகத்தான்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் தேவாலயங்களும் பத்திரிகைகளும் வழக்கறிஞர்களும் செய்த தொண்டு நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. சிகை அலங்காரப் பெண்கள் செய்த தொண்டு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் பள்ளிக்கூடங்களுக்கும் அநாதை இல்லங்களுக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் உரிமைப் போராட்டத்துக்கும் அவர்கள் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால், அந்தத் தொழில் இல்லாமல் பல நிறுவனங்கள் தலையெடுத்திருக்கவே முடியாது என்று தெரியும்.

மலோன் 1869 ஆகஸ்ட் 9 அன்று இல்லினாய் மாநிலத்தின் மெட்ரோபோலிஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். உள்நாட்டுப் போரில் தந்தை வடக்குப் படையில் சேர்ந்து போரிட, தாய் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தப்பி வந்தவர். பதினொரு பிள்ளைகளில் பத்தாவது பிள்ளை ஆனி. சின்ன வயதிலேயே பெற்றோர் இருவரும் இறந்துவிட, அக்கா வீட்டில் வளர்ந்தார். பள்ளியில் வேதியியல் அவருக்குப் பிடித்த பாடம். உடல்நலம் அடிக்கடி கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. பாடம் நின்றாலும் ஆர்வம் நிற்கவில்லை. அக்காள்களின் தலைமுடியில் சோதனை நடந்தது.

எதற்காக அந்தச் சோதனை என்று புரிய, அன்றைய ஏழைக் கறுப்பினப் பெண்ணின் வீட்டைப் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கிடையாது. குளிர்காலத்தில் வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றுவது பெரும்பாடு. வாரக்கணக்கில் தலை குளிக்காமல் இருப்பது சாதாரணம். குளித்தாலும் கையில் இருப்பது துணி துவைக்கும் காரச் சோப்பு. முடி படிய வாத்துக் கொழுப்பும் கெட்டி எண்ணெயும் பூசினார்கள். அழுக்கும் கொழுப்பும் சேர்ந்து தலைத்தோல் புண்ணாகும், செதில் செதிலாக உரியும், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். நடுவயதிலேயே பாதித் தலை வழுக்கையான பெண்கள் துணியால் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வெள்ளைக்காரர்களின் கம்பெனிகள் இவர்களுக்கென்று உருப்படியாக எதையும் செய்யவில்லை. வெள்ளையர் அழகு நிலையங்களில் இவர்களுக்கு அனுமதியும் இல்லை.

கறுப்பின மக்கள் மட்டுமே வாழ்ந்த லவ்ஜாய் என்ற ஊரில் மலோன் தன் தலைமுடித் தைலத்தை வீடு வீடாக எடுத்துப் போனார். வெறும் புட்டியை நீட்டி விலை சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். முதலில் இலவசமாகத் தலையை அலசி, தைலம் தேய்த்துக் காட்டுவார். 1902-ல் ஆற்றைக் கடந்து செயின்ட் லூயிஸுக்கு வந்தார். இரண்டே ஆண்டில் அங்கே உலகக் கண்காட்சி நடந்தது. ஊருக்கு வந்த கூட்டம் அவர் வியாபாரத்தையும் தூக்கிவிட்டது. போலிகள் பெருகியதால் 1906-ல் 'போரோ' என்ற பெயரைப் பதிவு செய்துகொண்டார்.

அதற்கு முன்பே அவரிடம் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்த பெண்களில் ஒருவர் சாரா பிரீட்லவ். உலகம் பின்னாளில் மேடம் சி. ஜே. வாக்கர் என்று அறிந்தவர். 1867-ல் லூசியானாவின் பருத்திக் காட்டில் பிறந்தவர்; அந்தக் குடும்பத்தில் அடிமையாக இல்லாமல் பிறந்த முதல் குழந்தை. ஏழு வயதில் அநாதை, பதினாலில் திருமணம், இருபதில் விதவை. கையில் லீலியா என்ற பெண் குழந்தை. முடிதிருத்தும் தொழில் செய்த அண்ணன்மார் இருந்த செயின்ட் லூயிஸுக்கு வந்து துணி வெளுத்துப் பிழைத்தார். நாள் முழுக்கத் தொட்டியில் கைவிட்டு நின்றால் கிடைத்தது ஒன்றரை டாலர்.

இந்தக் கதையில் ஓர் இடம் மனதைத் தொடுகிறது. அந்த நகரத்தில் 1888 முதல் கறுப்பினக் குழந்தைகளுக்கான அநாதை இல்லம் ஒன்று இருந்தது. பெற்றோர் இல்லாத குழந்தைகளோடு, வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளையும் அது பார்த்துக்கொண்டது. வெளுப்புக்காரியான சாராவின் மகளுக்கும் அந்த இல்லம் கைகொடுத்தது. செயின்ட் பால் தேவாலயத்துப் பெண்கள் அவரை அரவணைத்தார்கள். வாக்கர் பிற்காலத்தில் செல்வந்தரானபோது அந்த இல்லத்தை மறக்கவில்லை. பண்டிகைக் காலத்தில் அதற்கு நன்கொடை அனுப்பினார். மலோனோ அதே இல்லத்துக்குப் புதுக் கட்டடம் எழும்ப 10,000 டாலர் கொடுத்தார். 1919 முதல் 1943 வரை அதன் நிர்வாகக் குழுத் தலைவராக இருந்தார். தொழிலில் போட்டியாளர்களாகி, சூத்திரத்தைத் திருடியதாகக் குற்றச்சாட்டு எழும் அளவுக்கு மோதிக்கொண்ட இரண்டு பெண்கள், ஒரே அநாதை இல்லத்தின் வாசலில் வந்து நின்றார்கள்.

போரோ கல்லூரிக்கு வருவோம். 1916-ல் செயின்ட் லூயிஸ் வாக்காளர்கள், கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் சட்டத்தை வாக்கெடுப்பிலேயே நிறைவேற்றினார்கள். மறுவருடம் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லாது என்றது. ஆனாலும் வீட்டுப் பத்திரங்களில் தனியார் எழுதிக்கொண்ட தடைகள் வேலையைச் செய்தன. நகரத்தின் நல்ல ஓட்டல்களிலும் உணவகங்களிலும் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. மாநாடு நடத்த மண்டபம் இல்லை. வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் தங்க அறை இல்லை.

இந்தக் குறைகளை எல்லாம் ஒரே கட்டடத்தில் தீர்க்கப் பார்த்தார் மலோன். போரோ கல்லூரியில் தொழிற்சாலையும் வகுப்பறைகளும் அலுவலகங்களும் இருந்தன. கூடவே கலையரங்கமும் விருந்துக்கூடமும் விருந்தினர் அறைகளும் இருந்தன. சங்கங்கள் அங்கே கூடின. திருமண விருந்துகள் நடந்தன. தேசியக் கறுப்பின வணிகர் சங்கத்துக்கு அங்கே அலுவலக இடம் கிடைத்தது. சுமார் 175 பேருக்கு வேலை. நாடு முழுக்கவும் கரீபியத் தீவுகளிலும் போரோ முறையைக் கற்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன பிரதிநிதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

மாணவிகளுக்கு முடி பற்றி மட்டும் பாடம் நடக்கவில்லை. எப்படி நடப்பது, எப்படிப் பேசுவது, எப்படி உடுத்துவது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று இதைப் படிக்கும்போது கொஞ்சம் கெடுபிடியாகத் தோன்றலாம். அடுப்படியையும் வெளுப்புத் தொட்டியையும் தவிர வேறு வேலை கிடையாது என்று சமூகம் அடித்துச் சொன்ன காலத்தில், ஒரு பெண் வெள்ளை மேலங்கி அணிந்து, சான்றிதழை மாட்டிவைத்து, தன் பெயரில் கடை நடத்துவது எவ்வளவு பெரிய தாவல் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மலோனின் கொடை வீட்டுக்குள்ளிருந்தே தொடங்கியது. ஐந்தாண்டு பணி முடித்த ஊழியருக்கு வைர மோதிரம். நேரத்துக்கு வந்தவர்களுக்குப் பரிசு. சம்பளத்தைச் சேமித்து முதலீடு செய்தவருக்கும், பெற்றோருக்கு வீடு வாங்கிக் கொடுத்தவருக்கும் பரிசு. ஊருக்கு வெளியே கொடுத்தவை இன்னும் பெரிது. ஹோவர்டு பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு 25,000 டாலர். செயின்ட் லூயிஸின் கறுப்பின வாலிபர் கிறிஸ்தவ சங்கத்துக்கு இன்னொரு 25,000. சாரா வாங்கிய வெளுப்புக் கூலியில் கணக்குப் போட்டால், அதில் ஒரு நன்கொடையைச் சேர்க்க ஒருத்தி ஒருநாள் விடாமல் 45 ஆண்டுக்கு மேல் துணி துவைக்க வேண்டும். கறுப்பின மாணவர்களுக்கான அரசு நிலமானியக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் இரண்டிரண்டு மாணவர்களின் படிப்புச் செலவை அவர் ஏற்றிருந்தார் என்றும் பதிவாகியிருக்கிறது. 1920-களில் அவர் சொத்து 1 கோடியே 40 லட்சம் டாலர் என்று பேசப்பட்டது. அவர் வாழ்ந்த வாழ்க்கையோ எளிமையானது.

வாக்கர் வேறு வழியில் போனார். 1905-ல் டென்வருக்குக் குடிபெயர்ந்து, மறுவருடம் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, தன் பெயரிலேயே வியாபாரம் தொடங்கினார். அவருடைய களிம்பில் இருந்தவை தேன்மெழுகு, பெட்ரோலியக் களிம்பு, தேங்காய் எண்ணெய், கந்தகம். தலைப்புண்ணை ஆற்றியது கந்தகம்தான். 1908-ல் பிட்ஸ்பர்கில் மகள் பெயரில் லீலியா கல்லூரி என்று ஓர் அழகுக்கலைப் பள்ளியைத் திறந்தார். 1910-ல் இண்டியானாபொலிஸில் தலைமையகம் அமைத்தார்.

அந்த ஊருக்கு வந்த மறுவருடமே அவர் பெயர் நாடெங்கும் தெரிந்தது. கறுப்பின இளைஞர்களுக்கான வாலிபர் சங்கக் கட்டடத்துக்கு ஊர் மக்கள் 75,000 டாலர் திரட்டினால் தான் 25,000 தருவதாகச் சிகாகோ செல்வந்தர் ஜூலியஸ் ரோசன்வால்டு அறிவித்திருந்தார். வாக்கர் 1,000 டாலர் எழுதினார். சில ஆண்டுகளுக்கு முன் வரை துணி துவைத்த ஒரு கறுப்பினப் பெண் ஆயிரம் டாலர் கொடுக்கிறாள் என்பது பத்திரிகைச் செய்தியானது.

ஆனால் ஆண்கள் கூடிய சபையில் அவருக்கு உடனே மரியாதை கிடைக்கவில்லை. 1912-ல் சிகாகோவில் நடந்த கறுப்பின வணிகர் சங்க மாநாட்டில் பேச வாய்ப்புக் கேட்டார். தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் கண்டுகொள்ளவில்லை. முடியை நீட்டி நேராக்கும் தொழில் வெள்ளையரைப் போலத் தோன்ற ஆசைப்படும் தொழில் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. கடைசி நாளில் வாக்கர் தானே எழுந்து நின்று, பருத்திக் காட்டிலிருந்து தொழிற்சாலை வரை தான் நடந்து வந்த பாதையைச் சொன்னார். அடுத்த ஆண்டு அதே மாநாட்டுக்குப் பேச்சாளராக அழைக்கப்பட்டார்.

வாஷிங்டனின் விமர்சனத்தில் நியாயம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. சூடான சீப்பால் முடியை நேராக்குவது பற்றிய சண்டை கறுப்பினச் சமூகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. வாக்கர், தான் முடியை நேராக்குபவர் அல்ல, முடியை வளர்ப்பவர் என்றே சொல்லி வந்தார். இந்த விவாதம் எந்தப் பக்கம் முடிந்தாலும், அந்தத் தொழில் ஈட்டிய காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு வாக்கர் கொடுத்த விடைதான் இந்த வரலாற்றின் நடுநாயகம் என்பேன். மலோன் கொடுத்தது பெரும்பாலும் மலோனின் பணம். வாக்கரோ, கொடுப்பதைத் தன் பிரதிநிதிகள் எல்லோருடைய வேலையாகவும் ஆக்கினார். 1916 முதல் அவர்களைச் சங்கங்களாகத் திரட்டினார். மாதச் சந்தா 25 சென்ட். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 50 டாலர். 1917 ஆகஸ்டில் பிலடெல்பியாவின் யூனியன் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் கூடினார்கள். பரிசளிப்பு நடந்தது. அதிகம் விற்றவருக்குப் பரிசு, அதிகம் பேரைச் சேர்த்தவருக்குப் பரிசு. அதோடு தங்கள் ஊரில் தருமத்துக்கு அதிகம் கொடுத்த சங்கத்துக்கும் பரிசு. சமையற்காரியாகவும் பண்ணைக் கூலியாகவும் இருந்து, நேற்றுத்தான் தொழில் கற்ற பெண்களிடம், நன்கொடை கொடுப்பவர் என்ற தகுதியை அவர் ஒப்படைத்தார்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில், செயின்ட் லூயிஸுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் வெள்ளைக் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று வீடுகளைக் கொளுத்தியிருந்தது. வாக்கரின் மாநாடு கூந்தல் விவகாரத்தோடு முடியவில்லை. கும்பல் கொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அதிபர் வுட்ரோ வில்சனுக்குத் தந்தி அனுப்பிவிட்டுத்தான் கலைந்தது. 1919-ல் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் கும்பல் கொலை எதிர்ப்பு நிதிக்கு 5,000 டாலர் தருவதாக வாக்கர் அறிவித்தார். அதுவரை அந்தச் சங்கத்துக்குத் தனிநபர் ஒருவர் தந்ததில் அதுவே பெரியது. அந்த மே மாதம் 25-ம் தேதி, 51 வயதில், ஹட்சன் ஆற்றங்கரை மாளிகையில் காலமானார். உயிலில் அநாதை இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் தனிநபர்களுக்கும் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் ஒதுக்கி, கம்பெனியின் வருங்கால நிகர லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தருமத்துக்கு எழுதியிருந்தார்.

மலோனின் பிற்காலம் வேதனையானது. 1927-ல் கணவர் ஏரன் மலோன் விவாகரத்து கேட்டு, வியாபாரத்தில் பாதியும் கேட்டார். கல்வியாளர் மேரி மெக்லியட் பெத்தியூன் போன்றவர்கள் ஆனியின் பக்கம் நின்றார்கள். 2,00,000 டாலர் கொடுத்துக் கம்பெனியைக் காப்பாற்றினார். 1930-ல் தலைமையகத்தைச் சிகாகோவுக்கு மாற்றினார். பொருளாதார மந்தம், வழக்குகள், வரி பாக்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1937-ல் ஒரு வழக்கைத் தீர்க்க செயின்ட் லூயிஸ் சொத்தை விற்க நேர்ந்தது. 1951-ல் வரி பாக்கிக்காக அரசு கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. 1957 மே 10 அன்று சிகாகோ மருத்துவமனையில் அவர் இறந்தபோது மிஞ்சியிருந்த சொத்து சுமார் ஒரு லட்சம் டாலர். கணக்கு வழக்கில் கறாராக இல்லாதது அவருடைய குறை என்று எழுதுபவர்கள் உண்டு. குறைதான். கை நீட்டியவருக்கெல்லாம் கொடுத்ததும் அந்த ஏட்டில் ஒரு பக்கம்.

அவர் கட்டிய கட்டடத்துக்கோ இன்னொரு வாழ்க்கை காத்திருந்தது. லாயிட் கெய்ன்ஸ் என்ற கறுப்பின மாணவரை மிசூரி பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி சேர்க்க மறுத்த வழக்கில், 1938-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவரை அங்கே சேர்ப்பதைத் தவிர்க்க நினைத்த மாநில அரசு, கறுப்பினத்தவருக்கென்று அவசர அவசரமாகத் தனிச் சட்டக் கல்லூரி ஒன்றை 1939-ல் தொடங்கியது. அதற்கு இடம் கிடைத்தது பழைய போரோ கட்டடத்தில். சமத்துவம் என்ற பெயரில் ஏமாற்று வேலை என்று எதிர்ப்பாளர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். கறுப்பினப் பெண்களின் உழைப்பால் எழுந்த ஒரு கட்டடத்தை, இனப் பிரிவினையைக் காப்பாற்ற அரசு எடுத்துக்கொண்டது இந்தக் கதையின் கசப்பான பக்கம். 1965-ல் அதை இடித்துவிட்டார்கள்.

போரோ பள்ளிகள் அதோடு மறைந்துவிடவில்லை. மலோன் இறந்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. செயின்ட் லூயிஸில் அந்தப் பள்ளியில் சிகை அலங்காரம் படித்த ஆண் ஒருவரை உலகமே அறியும்: ராக் அண்ட் ரோல் இசையின் முன்னோடி சக் பெர்ரி.

2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வாக்கரின் வாழ்க்கை தொடராக வந்தது. பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே அதன் மூலம்தான். அதில் வாக்கரின் எதிரியாக, நிறத் திமிர் பிடித்த வில்லியாக ஒரு பாத்திரம் வரும். அது மலோனை வைத்து உருவாக்கப்பட்டது என்பது யாருக்கும் புரியும். நாடகத்துக்குச் சண்டை தேவைதான். அதற்காக, கால் நூற்றாண்டு காலம் ஓர் அநாதை இல்லத்தைத் தாங்கிய பெண்ணை அப்படிக் காட்டியது அநியாயம். செயின்ட் லூயிஸ்காரர்கள் அவரை அப்படி நினைக்கவில்லை. 1946-ல் அந்த இல்லத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அது இருந்த தெருவுக்கும் அவர் பெயர். இல்லத்துக்கு நிதி திரட்ட 1910-ல் தொடங்கிய மே மாத ஊர்வலமும் அவர் பெயரில்தான் அறியப்படுகிறது.

அடுத்த தலைமுறையில் இந்த வழக்கத்தைக் கையில் எடுத்தவர் மார்ஜோரி ஸ்டூவர்ட் ஜாய்னர். 1896-ல் வர்ஜீனியாவில் பிறந்து சிகாகோவுக்கு வந்தவர். 1916-ல் மோலர் அழகுக்கலைப் பள்ளியில் படித்துத் தேறிய முதல் கறுப்பினப் பெண். அங்கே கற்றது வெள்ளையர் முடிக்கு ஏற்ற வித்தை. ஒருநாள் மாமியாருக்குத் தலை அலங்காரம் செய்யப் போய்ச் சொதப்பிவிட்டார். கோபப்படாத அந்த மாமியார், வாக்கர் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொள் என்று பணம் கொடுத்து அனுப்பினார். போன மருமகள் பின்னாளில் இருநூறுக்கும் மேற்பட்ட வாக்கர் பள்ளிகளின் மேற்பார்வையாளரானார். பெரிய இறைச்சித் துண்டின் நடுப்பகுதி வேக அதில் கம்பிகளைக் குத்திவைக்கும் சமையல் முறையைப் பார்த்து, கம்பிகளை மின்சாரத்தால் சூடாக்கி முடியைச் சுருட்டும் கருவியை வடிவமைத்தார். 1928-ல் காப்புரிமை கிடைத்தது. உரிமை கம்பெனிக்குப் போனதால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

பணம் சேர்க்காத அவர் ஆட்களைச் சேர்த்தார். 1945-ல் பெத்தியூனோடு கைகோத்து அழகுக்கலைப் பள்ளி உரிமையாளர்கள், ஆசிரியர்களுக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினார். பெத்தியூன் ஃபுளோரிடாவின் டேடோனாவில் 1904-ல் ஒன்றரை டாலர் கையிருப்போடு பள்ளி ஆரம்பித்து, அதைக் கல்லூரியாக வளர்த்தவர். அந்தக் கல்லூரிக்கு நிதி திரட்டுவது சிகை அலங்காரப் பெண்களின் கடமைபோல் ஆனது. 1954-ல் ஜாய்னர் 195 பேரைப் பாரிஸுக்கு அழைத்துப் போனார். தங்களுக்குக் கற்றுத்தர மறுத்த அமெரிக்கப் பள்ளிகளின் வாசலில் நிற்பானேன், நேரே பாரிஸ் நிபுணர்களிடமே கற்போம் என்ற முடிவு அது. சிகாகோவில் குழந்தைகளுக்காக ஆண்டுதோறும் நடக்கும் பட் பில்லிக்கன் ஊர்வலத்தைப் பல பத்தாண்டுகள் முன்நின்று நடத்தினார். எழுபது வயதைத் தாண்டி, 1973-ல் அதே பெத்தியூன் குக்மன் கல்லூரியில் உளவியல் பட்டம் பெற்றார். 1994-ல், 98 வயதில் மறைந்தார்.

இந்தத் தொண்டு பண உதவியோடு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்குக் காரணம் அந்தத் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. 1956-ல் தென் கரோலினா மாநிலம், அரசு ஊழியர் யாரும் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. விலக மறுத்த செப்டிமா கிளார்க் என்ற மூத்த ஆசிரியையின் வேலை போனது. வெள்ளையர் வீட்டில் சமைத்தவரையும் பண்ணையில் உழைத்தவரையும் மறுநாளே நிறுத்திவிடலாம். ஆனால் சிகை அலங்காரப் பெண்ணை யார் வேலையிலிருந்து நீக்குவது? கடை அவளுடையது, வாடிக்கையாளர் எல்லோரும் கறுப்பினப் பெண்கள், சரக்கும் கறுப்பினக் கம்பெனிகளுடையது. எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுக்கத் தலையைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நம் வீடுகளில் எந்தப் பேச்சுதான் வராமல் போகும்? அங்கேயும் அப்படித்தான். வாக்காளர் பதிவுத் தாள், கூட்ட அறிவிப்பு, சந்தா ரசீது எல்லாம் உலர்த்தும் நாற்காலியின் பக்கத்தில் கைமாறின. மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் வீரா பிகி தன் அழகு நிலையத்தையே உரிமைப் போராட்டத்தின் அலுவலகமாகவும் வகுப்பறையாகவும் நடத்தினார்.

சார்ல்ஸ்டன் நகரைச் சேர்ந்த பெர்னீஸ் ராபின்சனும் சிகை அலங்காரக்காரர்தான். செப்டிமா கிளார்க்குக்கு உறவினர். நியூயார்க்கில் தொழில் செய்துவிட்டு, பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர். பக்கத்திலிருந்த ஜான்ஸ் தீவில் வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். எழுத்தறியாத பெரியவர்களுக்கு அது இரும்புக் கதவு. தீவிலிருந்து நகரத்துக்குப் பேருந்து ஓட்டிய ஈசா ஜென்கின்ஸ், பயணிகளுக்கு வண்டியிலேயே சட்ட வாசகங்களைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். முறையான பள்ளி வேண்டும் என்று தோன்றியது. யார் ஆசிரியர் என்ற கேள்வி எழுந்தபோது கிளார்க் தேர்ந்தெடுத்தது ராபின்சனை. தனக்கு ஆசிரியர் பயிற்சி இல்லை என்று அவர் தயங்கினார். மக்களை மதித்துப் பேசத் தெரிந்தவள், வேலை போய்விடுமே என்ற பயம் இல்லாதவள், அது போதும் என்றார்கள்.

1957 ஜனவரி 7 இரவு வகுப்பு தொடங்கியது. முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் பள்ளி. சாலையில் போகிறவர் கண்ணுக்கு வெறும் கடை. முதல் நாள் வந்த பெரியவர்கள் 14 பேர். குழந்தைகளின் முதல் வகுப்புப் புத்தகத்தை ராபின்சன் ஒதுக்கி வைத்தார். உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். பைபிள் படிக்க வேண்டும் என்றார் ஒருவர். கையெழுத்துப் போட வேண்டும் என்றார் இன்னொருவர். பணவிடைத் தாளை நிரப்பத் தெரிய வேண்டும், அஞ்சலில் பொருள் வரவழைக்கும் பட்டியலைப் படிக்கத் தெரிய வேண்டும் என்றார்கள். அவையே பாடம் ஆயின. பென்சில் பிடித்துப் பழகாத கைகள் முதலில் தங்கள் பெயரின் மேலேயே எழுதி எழுதிப் பழகின. அங்கிருந்து பதிவுத் தாளுக்குப் போனார்கள். பக்கத்துத் தீவுகளிலிருந்தும் எங்களுக்கும் பள்ளி வேண்டும் என்று அழைப்பு வந்தது. 1961-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இந்தக் குடியுரிமைப் பள்ளிகளை ஏற்று, தென் மாநிலங்கள் எங்கும் கொண்டு சென்றது.

வாக்குரிமைச் சட்டம் 1965-ல் நிறைவேறியது. அது பற்றி எழுதும் எந்தப் பாடநூலும் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டதையும் கிங் பக்கத்தில் நின்றதையும் சொல்லாமல் விடாது. பெர்னீஸ் ராபின்சன் என்ற சிகை அலங்காரப் பெண்ணின் பெயரையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.